நீலக்கல்லின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம்

2025ம் ஆண்டு ஒக்ரோபர் 19ம் திகதி, ஒரு ஞாயிறு காலை. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் சேன் நதிப் பக்கச் சுவரோடு, வீடு மாறுபவர்கள் தளபாடம் ஏற்றும் தூக்கி ஒன்று சாத்தப்பட்டது. சில நிமிடங்களில் அப்பலோ மண்டபத்திலிருந்து எட்டு நகைகள் போய்விட்டன. பெறுமதி 88 மில்லியன் யூரோ என்றார்கள். போனவற்றுள் மகாராணி மரி-அமெலியும் அவருக்கு முன் ஒர்த்தான்ஸ் அரசியும் அணிந்த நீலக்கல் நகைத் தொகுதியின் முடியும், கழுத்தணியும், தோட்டில் ஒரு காதும் அடங்கும். அந்த முடியில் இருந்தவை 24 இலங்கை நீலக்கற்களும் 1083 வைரங்களும் என அருங்காட்சியகக் குறிப்புச் சொல்லுகிறது.

மறுநாள் பாரிஸ் உணவகங்களின் குசினிகளில் எம்மவர்கள் இதைப் பேசாமல் விட்டிருப்பார்களா? எமது குசினியில் ஒருவர் சொன்னார்: "உது எங்கட கல்லு. முந்தி அவங்கள் எங்களிட்டக் களவெடுத்தாங்கள், இப்ப ஆரோ அவங்களிட்டக் களவெடுத்திட்டாங்கள்." எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்த வசனத்தில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, அந்தக் கற்கள் பெரும்பாலும் களவில் அல்ல, வியாபாரத்தில் வந்தவை. இரண்டாவதும் முக்கியமானதும்: "எங்கட" என்றால் யாருடையது? இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. நகை வாங்க நினைப்பவர்களுக்கு இதில் சில பிரயோசனமான தகவல்களும் கிடைக்கக்கூடும்.

*

முதலில் கல்லைப் பற்றி. நீலக்கல் என்பது குருந்தம் எனப்படும் கனிமம். அலுமினியம் ஒட்சைட்டின் பளிங்கு. தூய நிலையில் அதற்கு நிறம் இல்லை. அதற்குள் இரும்பும் தைத்தேனியமும் மிகச் சிறிய அளவில் கலந்தால் நீலம். குரோமியம் கலந்தால் சிவப்பு, அதாவது மாணிக்கம். நீலமும் மாணிக்கமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கடினத்தில் வைரத்துக்கு அடுத்த இடம். மோசின் அளவுகோலில் 9.

எமது யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் இது விளையாது. இலங்கையின் மத்தியிலுள்ள பழைய உருமாறிய பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் உக்கி, மழையும் ஆறுகளும் அடித்துச் சென்று, சப்பிரகமுவப் பள்ளத்தாக்குகளில் சரளைப் படையாகப் படிந்த இடத்தில்தான் கற்கள் கிடைக்கின்றன. இந்தச் சரளைப் படையைச் சிங்களத்தில் "இல்லம" என்பார்கள். தமிழ்க் காதுக்கு அது வீடு. வெறும் ஒலி ஒற்றுமைதான். ஆனாலும் கேட்கும்போது ஒரு கணம் நிற்கத் தோன்றுகிறது.

பெயர்களும் ஊர் மாறும்போது பொருள் மாறியவைதான். ஐரோப்பியர் இன்று "சஃபீர்" என்று நீலக்கல்லைச் சொல்லுகிறார்கள். பழைய கிரேக்கரும் உரோமரும் அந்தப் பெயரால் குறித்தது பெரும்பாலும் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த வேறொரு நீலக் கல்லை. எமது "பத்மராகம்" தமிழில் மாணிக்கத்தைக் குறிக்கும். அதே சொல் சிங்களத்தின் வழியாக உலகச் சந்தைக்குப் போய் "பத்பரஜ்ஜா" ஆகி, தாமரை நிறமான, இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த ஓர் அரிய குருந்தத்துக்குப் பெயராகிவிட்டது. "நீலம்" மட்டும் நீலமாகவே இருக்கிறது. 1344ம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த மொறோக்கோப் பயணி இபின் பதூதா, அங்கு சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய கற்கள் உண்டென்றும் நீலத்தை "நைலம்" என்று சொல்வார்கள் என்றும் எழுதிவைத்தார்.

இந்த இபின் பதூதாவின் குறிப்புகள் எமக்கு வேறொரு வகையிலும் முக்கியமானவை. அவர் புத்தளத்தில் சந்தித்தது யாழ்ப்பாண அரசனான ஆரியச்சக்கரவர்த்தியை. அரசனிடம் உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணம் ஒன்று இருந்ததாகவும், அதில் அகில் எண்ணெய் வைத்திருந்ததாகவும், தான் வியந்தபோது இதைவிடப் பெரியவையும் தன்னிடம் உண்டென்று அரசன் சொன்னதாகவும் எழுதுகிறார். அரசன் கப்பல்களும் முத்துக்குளிப்பும் வைத்திருந்தவன். ஆனால் கல் விளைந்த நிலம் தெற்கில், வேறொரு மன்னனின் ஆட்சியில் இருந்தது. அங்கே 100 பணத்துக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள கல் எல்லாம் மன்னனுக்கு. விலை கொடுத்து எடுத்துக்கொள்வான். அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவனுக்கு. சுரங்கத்தில் இறங்குபவனுக்குச் சின்னக் கல், மேலே நிற்பவனுக்குப் பெரிய கல் என்ற விதி, பார்க்கப்போனால், 14ம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கிறது.

தமிழர் மணிகளை அறியாதவர்களல்லர். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரையின் மணிக்கடை வீதி வருகிறது. ஒவ்வொரு மணிக்கும் நல்ல குணம் எது, குற்றம் எது என்று ஒரு கைதேர்ந்த வணிகனைப்போல இளங்கோ சொல்லிக்கொண்டு போகிறார். நீலமும் அங்கே உண்டு. அப்படியிருந்தும் எமது ஊரில் பெண்களின் நகையில் நீலம் அரிது. அட்டியலுக்குச் சிவப்புக்கல், தோட்டுக்கு வெள்ளைக்கல். நீலம் சனியின் கல். பொருந்தினால் தூக்கும், பொருந்தாவிட்டால் விழுத்தும் என்ற பயம். மூன்று இரவு தலையணைக்குக் கீழ் வைத்துக் கனவு பார்த்துத்தான் போடவேண்டும் என்பார்கள். இந்தப் பயத்துக்கு வேறொரு காரணமும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

*

கல் எப்படி வெளியே வருகிறது? இரத்தினபுரிப் பக்கத்தில் வயலிலோ ஆற்றோரத்திலோ சதுரக் கிணறுபோல வெட்டி, கமுகு, இறப்பர் மரக் குற்றிகளால் முட்டுக்கொடுத்து இறங்குவார்கள். இடைவிடாமல் தண்ணீர் இறைக்கவேண்டும். இல்லமவைக் கண்டதும் சரளையை மேலே ஏற்றி, மூங்கிற் கூடையில் இட்டு நீரில் சுழற்றி அரிப்பார்கள். பாரமானவை அடியில் தங்கும். ஒரு கை கூடைக்குள் துழாவும்போது எல்லோரும் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தொழிலில் மாதச் சம்பளம் என்பது பெரும்பாலும் இருந்ததில்லை. பங்குதான். நிலக்காரனுக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவனுக்கு ஒரு பங்கு, நீர் இறைக்கும் இயந்திரக்காரனுக்கு ஒரு பங்கு, சாப்பாட்டுக்கும் செலவுக்கும் காசு போட்டவனுக்கு ஒரு பங்கு, மிஞ்சியதைக் கிணற்றில் இறங்கியவர்கள் தமக்குள் பிரிப்பார்கள். கல் கிடைக்காவிட்டால் சாப்பாடு மட்டும். மாதக்கணக்கில் சாப்பாடு மட்டும்.

கிணற்றில் இறங்கியவர்களில் பெரும்பான்மையினர் சிங்களக் கிராமத்தவர்கள். கல்லை வாங்கி, வெட்டி, பட்டை தீட்டி, உலகத்துக்குக் கொண்டுபோனவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். குறிப்பாகப் பேருவளை முஸ்லிம்கள். அவர்களின் வீட்டுமொழி தமிழ். நூற்றாண்டுகளாக உலகின் மிகச் சிறந்த நீலக்கற்களில் எத்தனையோ தமிழில்தான் விலைபேசப்பட்டிருக்கின்றன. கொழும்பில் கப்பலில் வந்திறங்கிய ஐரோப்பியருக்கு நகை விற்ற மாக்கான் மார்க்கார் போன்ற நிறுவனங்கள் 1860 அளவிலேயே தொடங்கிவிட்டன. "எங்கட கல்லு" என்று சொல்ல எமக்கு ஏதாவது உரிமை இருக்குமானால், அது இந்தத் தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரிகளின் வழியாக வருகிற உரிமைதான். எம்மில் எத்தனைபேர் அதை நினைத்துப் பார்த்திருக்கிறோம்?

இரத்தினபுரி மாவட்டத்தில் வேறு தமிழர்களும் இருந்தார்கள். மண்ணுக்கு மேலே தேயிலையும் இறப்பரும் வளர்த்த மலையகத் தொழிலாளர்கள். மண்ணுக்குக் கீழே இருந்தது அவர்களுக்கு உரியதல்ல. மேலே இருந்ததும் அல்லத்தான். 1977இலும் 1983இலும் வன்செயல் வந்தபோது அங்குள்ள தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் ஓடின. 1977க்குப் பின் வவுனியாப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களில் அந்தப் பகுதியார் பலர். நீலக்கல்லுக்கு மேல் குடியிருந்தவர்களின் கையில் கொண்டுவர ஒரு கல்லும் இருக்கவில்லை.

*

ஐரோப்பாவுக்கு வந்த பிறகு கல்லுக்கு வேறு வாழ்க்கை. 14ம் லூயி மன்னன் 1669இல் பெற்ற 135 கரட்டுக்கு மேற்பட்ட நீலக்கல் ஒன்று இன்றும் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1840இல் விக்ரோறியா மகாராணிக்கு அல்பேட் இளவரசர் கல்யாணத்துக்கு முதல்நாள் கொடுத்தது, வைரங்கள் சூழ்ந்த ஒரு பெரிய நீலக்கல் மார்புப்பதக்கம். நடுவில் நீலம், சுற்றிவர வைரம் என்ற அந்த அமைப்பு அதற்குப் பின் ஒரு வாய்ப்பாடு ஆகிவிட்டது. இன்று எந்த நகைக்கடைக் கண்ணாடியிலும் அதைக் காணலாம்.

லூவ்ரில் களவுபோன நகைகளின் கதை வேறுவிதமானது. ஒர்த்தான்ஸ் நெப்போலியனின் வளர்ப்பு மகள், ஒல்லாந்தின் அரசியாக இருந்தவர். நெப்போலியன் விழுந்தபின் 1815இல் பிரான்சை விட்டு வெளியேற்றப்பட்டு, கடைசியில் சுவிற்சர்லாந்தில் தங்கினார். 1821இல் இந்த நகைகளை அவரிடமிருந்து ஓர்லியன்ஸ் கோமகன் லூயி-பிலிப் வாங்கினார் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. லூயி-பிலிப் 1830இல் மன்னரானார். மனைவி மரி-அமெலி அரசியானார். 1848 புரட்சியில் அவர்களும் இங்கிலாந்துக்கு ஓடினார்கள். இருவரும் அங்கேயே இறந்தார்கள். நகைகள் குடும்பத்திடமே இருந்து 1985இல்தான் லூவ்ருக்கு விற்கப்பட்டன. ஆக, அந்த நீலக்கற்களை அணிந்த இரண்டு அரசிகளும் நாடு கடந்தவர்கள். ஒருத்தி விற்றாள், மற்றவள் விற்கவில்லை.

ஆட்சிகள் போனபின் நகைகளும் போவதுதான் இந்த நாட்டின் வழக்கம். 1887 மே மாதம் மூன்றாம் குடியரசு, பிரெஞ்சு முடியின் நகைகளை ஏலத்தில் விற்றது. மன்னர் திரும்பி வராமலிருக்க முடியை விற்றுவிடு என்பது அரசியல். வாங்கியவர்களில் முதன்மையானது அமெரிக்காவின் ரிஃபனி நிறுவனம்.

பெயர் வைக்கும் உரிமையும் வாங்கியவர்களோடேயே போயிற்று. நியூயோர்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 563.35 கரட் நட்சத்திர நீலக்கல் ஒன்று இருக்கிறது. 1900இல் செல்வந்தர் ஜே.பி. மோர்கன் கொடுத்தது. 1964 ஒக்ரோபரில் களவுபோய், சில மாதங்களின் பின் மயாமியில் பஸ் நிலையப் பெட்டகம் ஒன்றில் கிடைத்தது. இலங்கையில் கிடைத்த கல். பெயர் என்ன தெரியுமா? "இந்தியாவின் நட்சத்திரம்".

இதற்கிடையில் 1881 அளவில் காஷ்மீரின் உயரமான மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் மண்சரிவின் பின் நீலக்கல் தென்பட்டது. மகாராஜா காவல் போட்டார். சில ஆண்டுகளுக்குள் நல்ல கற்கள் எடுத்து முடிந்துவிட்டன. வெல்வெற் போன்ற அந்த நீலத்துக்கு அன்று தொடங்கிய மவுசு இன்னும் குறையவில்லை. அதன்பின் பர்மா, அதன்பின் இலங்கை என்று ஒரு வரிசை நிலைபெற்றது. ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே தெளிவு. பிறந்த ஊர் மட்டும் வேறு. விலையோ பல மடங்கு வித்தியாசம். இந்த இடத்தில்தான் கல்லின் வரலாறு எமது வரலாற்றை ஒத்து வரத் தொடங்குகிறது.

*

பழைய நகை வாங்க விரும்புபவர்கள் 1902 என்ற ஆண்டை நினைவில் வைக்கவேண்டும். அந்த ஆண்டில்தான் ஒகுஸ்த் வெர்நாய் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர், அலுமினியம் ஒட்சைட்டுத் தூளைச் சுவாலைக்குள் சொரிந்து உருக்கி, துளி துளியாக வளர்த்து, மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தார். 1910ஐ ஒட்டி அதே முறையில் நீலக்கல்லும் செய்தார்கள். இரும்பும் தைத்தேனியமும் சேர்த்தால் போதும். கண்ணாடியல்ல, சாயமல்ல, உண்மையான குருந்தம். அவர் தமது ஆராய்ச்சிகளைத் தொடங்கியது, 14ம் லூயியின் கல் இருக்கும் அதே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்.

1920களின் பாரிஸ் நகைகளைப் பாருங்கள். பிளாற்றினத்தில், நேர்கோடுகளும் கோணங்களுமாக, வைரங்களுக்குப் பக்கத்தில் சின்னஞ்சிறு நீலக்கற்கள் செங்கல் அடுக்கியதுபோல நிற்கும். ஒரே நிறத்தில், ஒரே அளவில் அத்தனை சிறு கற்கள் வேண்டும் என்றால் இயற்கை கொடுக்காது. ஆகவே மிகச் சிறந்த பட்டறைகள்கூட வெர்நாயின் கற்களைத் தயங்காமல் பதித்தன. அன்று அது மலிவல்ல, புதுமை.

எமது குசினியில் வேலைசெய்யும் அண்ணை ஒருவர் மகளின் கல்யாணத்துக்கென்று பழைய மோதிரம் ஒன்றை வாங்கினார். "சிலோன் சஃபீர்" என்று கடைக்காரர் சொன்னார். ஒன்றரை மாதச் சம்பளம். நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து இடையில் விட்டவன் என்பது அவருக்குத் தெரியும். "தம்பி, உதைக் கொஞ்சம் பாரும். நீர் கல்லு மண்ணெல்லாம் படிச்சனீர்தானே" என்று கொண்டுவந்தார். கல்லைப்பற்றிச் சொல்ல என் படிப்புப் போதாது. உலோகத்தில் நாயின் தலை முத்திரை இருந்ததை மட்டும் கண்டுபிடித்தேன். வேறொரு கடையில் கருவியால் பார்த்தவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: உள்ளே வளைந்த கோடுகள். இயற்கைக் கல்லில் வளர்ச்சிக் கோடுகள் நேராகவும் கோணமாகவும் இருக்கும். வெர்நாயின் கல்லில் இசைத்தட்டின் கோடுகள் போல வளைந்திருக்கும், சிலவேளை சிறு காற்றுக் குமிழிகளும் தெரியும். மோதிரம் உண்மையிலேயே பழையது, பிளாற்றினம், வேலைப்பாடு நல்லது. கல் மட்டும் தொழிற்சாலையில் விளைந்தது.

அண்ணை கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "அப்ப, கல்லு பிரான்சில பிறந்தது, பேர் மட்டும் சிலோன். சரி, என்ர பிள்ளையும் அப்பிடித்தானே." மகளுக்கு அந்த மோதிரத்தைத்தான் போட்டார்.

முத்திரைகளைப் பற்றி இரண்டு வரி. பிரான்சில் 18 கரட் பொன்னுக்குக் கழுகின் தலை, 1838 முதல். பிளாற்றினத்துக்கு நாயின் தலை, 1912 முதல். வெளிநாட்டிலிருந்து வந்த, மூலம் தெரியாத நகைக்கு 1893 முதல் ஆந்தை. ஆந்தை குத்திய நகை குறைந்ததல்ல; இங்கு பிறக்கவில்லை என்பதே அதன் பொருள். கழுகோ ஆந்தையோ உலோகத்துக்குத்தான் சாட்சி, கல்லுக்கு அல்ல. இதை மறந்துதான் பலர் ஏமாறுகிறார்கள்.

*

புதுக்கல் வாங்குபவர்களுக்கு 1970கள் முக்கியம். அதுவரை இலங்கையில் பால்போலக் கலங்கிய, நிறமற்ற குருந்தத்தைக் "கெவுட" என்று ஒதுக்கிவிடுவார்கள். விலையில்லை. தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதை அள்ளிக்கொண்டு போனார்கள். ஏன் என்று ஆரம்பத்தில் யாருக்கும் விளங்கவில்லை. 1500 பாகை செல்சியசுக்கு மேல் சூளையில் வைத்தால், கல்லுக்குள் மெல்லிய ஊசிகளாக நின்ற தைத்தேனியக் கனிமம் கரைந்து கல்லோடு கலந்து, கலங்கல் போய், நீலம் பிறக்கிறது. குப்பையென்று கொடுத்தது பாங்கொக்கில் நீலக்கல்லாக விற்றது. இலங்கையர் அந்த வித்தையைப் பின்னர் கற்றுக்கொண்டார்கள். ஆனால் போனது போனதுதான். எமது நாட்டு வரலாற்றில் இனத்தின் பெயரால் நடந்த கொள்ளைகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அறியாமையின் பெயரால் எல்லா இனத்தவரிடமிருந்தும் போன இதுபோன்றவற்றைப் பற்றி எழுதியது குறைவு.

இன்று சந்தையிலுள்ள நீலக்கற்களில் பெரும்பாலானவை சூடாக்கப்பட்டவை. அது வியாபாரத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று. சொல்லி விற்றால் பிழையில்லை. 2001, 2002 அளவில் தாய்லாந்திலிருந்து பெரில்லியம் ஊட்டிச் சூடாக்கிய கற்கள் பத்பரஜ்ஜா நிறத்தில் வந்து சந்தையையே கலக்கின. பின்னர் கோபால்ற்று நிறமூட்டிய கண்ணாடியால் வெடிப்புகளை நிரப்பிய நீலக்கற்கள் வந்தன. எலுமிச்சம்புளி பட்டாலே கெட்டுப்போகக்கூடியவை. குசினியில் வேலை செய்யும் எம்மவர் கைக்கு ஏற்றவை அல்ல. பிரெஞ்சுச் சட்டத்தின்படி செயற்கைக் கல்லை "செயற்கை" என்று எழுதியே விற்கவேண்டும். பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

1998இல் மடகஸ்கார் நாட்டின் இலகாக்கா என்ற சிற்றூரில் பெருவாரியாக நீலக்கல் கண்டுபிடிக்கப்பட்டது. மிகச் சில வீடுகள் இருந்த இடத்தில் ஒரு நகரம் எழுந்தது. தாய்லாந்தவரும் இலங்கையரும் அங்கே கடை விரித்தார்கள். இலங்கையும் மடகஸ்காரும் ஆதியில் ஒரே பெருநிலத்தில் அயலில் கிடந்தவை. ஆகவே கற்களும் அண்ணன் தம்பிபோல இருக்கின்றன. மடகஸ்கார்க் கல் இலங்கையில் வெட்டப்பட்டு வரும்போது அது எந்த ஊர்க் கல்?

இதைத் தீர்க்கத்தான் ஆய்வுகூடங்கள். சுவிற்சர்லாந்தின் குயுபெலின் குடும்பத்து எட்வார்ட் குயுபெலின் (1913-2005) கல்லுக்குள் இருக்கும் அழுக்குகளையே வாழ்நாள் முழுவதும் படித்தவர். ஊசிகள், திரவத் துளிகள், வேறு கனிமத் துணுக்குகள்: வியாபாரி குற்றம் என்று விலை குறைத்த அவைதான் கல்லின் பிறந்த ஊரைச் சொல்லும் கைரேகை என்பதை உலகுக்குக் காட்டினார். இன்று அவற்றோடு இரசாயனப் பகுப்பும் செய்து, "இலங்கை", "காஷ்மீர்" என்று அறிக்கை கொடுக்கிறார்கள். அந்த அறிக்கையோடு விலை ஏறுகிறது.

கவனித்துப் படித்தால் அந்த அறிக்கையில் பிறப்பிடம் என்பது ஆய்வுகூடத்தின் அபிப்பிராயம் என்றுதான் இருக்கும். சத்தியம் அல்ல, அபிப்பிராயம். இரண்டு ஆய்வுகூடங்கள் இரண்டு ஊர் சொல்வதும் உண்டு. இன்னொரு விடயம்: கடும் சூட்டில் அந்த ஊசிகள் கரைந்துவிடுவதால், அழகாக்கப்பட்ட கல்லில் ஊரைச் சொல்லும் சாட்சியமும் பாதி அழிந்துவிடுகிறது.

அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருந்து, உனது ஊரில் கோயிலுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது, சந்திக்கு எத்தனை தெரு வருகிறது என்று கேட்டு, எமக்குள் கிடக்கும் துணுக்குகளைக் கொண்டு நாம் எங்கே பிறந்தோம் என்று ஓர் அபிப்பிராயம் எழுதுவார். தழும்புகளைப் பார்க்கவும் வைத்தியர் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். கல்லுக்கு "இலங்கை" என்று எழுதினால் விலை கூடும்.

*

1981 பெப்ரவரி 24ம் திகதி இளவரசர் சாள்சுக்கும் டயானாவுக்கும் நிச்சயமானது. டயானா விரலில் 12 கரட் இலங்கை நீலக்கல், சுற்றிவர 14 வைரங்கள். கரார்ட் நிறுவனத்தின் விற்பனை நூலிலிருந்து தெரிவுசெய்த மோதிரம். யூலை 29இல் கல்யாணம். இந்த இரண்டு திகதிகளுக்கும் நடுவில், மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள் வரை போயின. அந்த வருடம் உலகத்தின் கண்ணுக்குள் இலங்கை என்ற சொல் ஒரு விரலின் மேல் மின்னியது. 2010இல் அதே மோதிரம் மகனின் மணப்பெண்ணுக்குப் போனபோது மீண்டும் மின்னியது. அதற்கு முந்திய வருடம் முள்ளிவாய்க்கால். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு நாட்டிலிருந்து எது வெளியே தெரிகிறது, எது தெரிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் நகையைப் பற்றி எழுதும் ஈழத்தமிழன் இன்னொரு ஆண்டையும் எழுதியாகவேண்டும். 1990 ஒக்ரோபர். வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலங்கள். சோதனை இடங்களில் பெண்களின் காதிலும் கழுத்திலும் கிடந்தவை கழற்றி வாங்கப்பட்டன. குழந்தைகளின் தோடும் விடப்படவில்லை என்று அந்த மக்கள் சொல்லியும் எழுதியும் வைத்திருக்கிறார்கள். எங்கள் மொழியில் உலகத்துக்கு மணி விற்றவர்களின் இனத்தவர், எங்கள் மொழியிலேயே "கழற்று" என்ற சொல்லைக் கேட்டார்கள். லூவ்ரில் போன கல்லை "எங்கட" என்று சொல்லும் வாய், இந்தத் தோடுகளை யாருடையவை என்று சொல்லும்?

*

நீலத்தை எமது பெண்கள் அணியாததற்கு வேறொரு காரணம் இருக்கலாம் என்று முன்பு சொன்னேன். எமது ஊரில் நகை என்பது முதலில் அடகு வைக்கும் பொருள். அடகுகடைத் தராசில் என்ன நடக்கும்? கல்லின் எடையைக் கழித்துவிட்டு மிச்சப் பொன்னுக்குத்தான் காசு. எத்தனை அழகான கல்லாக இருந்தாலும் அங்கே அது கழிவு. வருத்தம், கல்யாணம், கடைசியில் ஏஜென்சிக்குக் கட்டும் காசு: எல்லாவற்றுக்கும் பவுண்தான் உதவியது. சனிபகவானைச் சொல்லிக் கல்லைத் தள்ளிவைத்த எமது ஆச்சிமார் கணக்குத் தெரியாதவர்கள் அல்ல. ஓடவேண்டி வரலாம் என்று நினைக்கும் சனத்துக்கு எடைக்குக் காசாகும் நகை வேண்டும். ஒர்த்தான்ஸ் அரசியின் கல்லுக்கு ஒரு கோமகன் வந்து விலை கொடுத்தான். எமது அம்மாவின் கல்லுக்கு அப்படி யார் வருவார்?

பாரிசிலும் அரச அடகுகடை உண்டு. மறே பகுதியில் இருக்கிறது. 1637இல் தொடங்கிய வழக்கம். பிரெஞ்சுக்காரர் அதை "என் மாமி வீடு" என்பார்கள். சூதில் தோற்ற இளவரசர் ஜுவான்வில் தன் மணிக்கூட்டை அங்கே வைத்துவிட்டு, தாய் கேட்டபோது மாமி வீட்டில் மறந்துவிட்டேன் என்றாராம். அதிலிருந்து வந்த பெயர் என்பது கதை. அந்தத் தாய் வேறு யாருமல்ல, நீலக்கல் முடி அணிந்த அதே மரி-அமெலி. இன்று அந்த மாமி வீட்டு வரிசையில் எம்மவரையும் காணலாம். அங்கே கல்லுக்கும் மதிப்புப் போடுகிறார்கள் என்பது எமக்குப் புதிது. மீட்கப்படாதவை ஏலத்துக்கு வரும். பழைய நீலக்கல் மோதிரம் தேடுபவர்கள் நகைக்கடைக் கண்ணாடிகளைவிட அந்த ஏலங்களைப் பார்ப்பது நல்லது. நிபுணர் விபரம் எழுதியிருப்பார், விலையும் கட்டுப்படியாகும்.

வாங்குங்கள். இனி ஓடத்தேவையில்லை என்று நம்புபவர்கள் நீலக்கல் வாங்கலாம். எமது சனத்தில் அப்படி நம்புபவர்கள் கூடுவது நல்லதுதான். பத்திரம் கேளுங்கள். சூடாக்கியதா என்று கேளுங்கள். பிறந்த ஊர் கேளுங்கள். அது வேறொருவருடைய பொருளாக இருந்து, விற்க மனமில்லாமல் விற்கப்பட்டதாகவும் இருக்கலாம். அதை எந்த ஆய்வுகூடமும் எழுதித் தராது. அந்தக் கேள்வியை நாமே கேட்டுக்கொள்ளவேண்டும். கேட்கத் தெரிந்தவர்கள் எம்மைவிட வேறு யார் இருக்கிறார்கள்?